டிரெய்லர் மாட்டிய பிக்கப்: மலைப்பாதையில் எந்தக் கோளாறுக்கு எதைப் பார்ப்பது

"பிக்கப் எத்தனை டன் இழுக்கும்ணா?"

கோத்தகிரியில் பிக்கப் வைத்திருப்பவர்களிடம் வாரம் ஒருவராவது இதைக் கேட்டுவிடுவார். கேட்பவர் பெரும்பாலும் கட்டட மேஸ்திரி, இழுக்க வேண்டியது சக்கரம் வைத்த கான்கிரீட் கலவை மிஷின். சில நாள் ஜெனரேட்டர், சில நாள் கம்ப்ரசர். இருபது வருடமாக மேட்டுப்பாளையத்துக்கும் மேலேயுமாக ஓட்டிக்கொண்டிருக்கிறேன். என் வண்டியிலும் கூட ஓட்டுபவர்கள் வண்டியிலும் திரும்பத் திரும்ப வந்த கோளாறுகளை ஒரு நோட்டில் எழுதி வைத்திருந்தேன். அதைத்தான் ஒழுங்குபடுத்தித் தருகிறேன். உங்கள் வண்டி என்ன குறி காட்டுகிறதோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போய்விடுங்கள்.

ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மேலே ஏறிவிட்டது என்பதால் அந்த எடை வண்டிக்கு ஆகும் என்று அர்த்தமில்லை. ஃபர்ஸ்ட் கியரில் போட்டு உறுமினால் எதுவும் ஏறும். கொண்டை ஊசி வளைவில் நிறுத்தி மறுபடி எடுக்க முடிகிறதா, இறக்கத்தில் நினைத்த இடத்தில் நிற்கிறதா என்று பாருங்கள். நான் எடையை முடிவு செய்வது அதை வைத்துத்தான்.

எந்தக் குறியாக இருந்தாலும் முதலில் எடை மேடை

பட்டறைக்குப் போவதற்கு முன் எடை மேடைக்குப் போங்கள். மேட்டுப்பாளையத்தில் மண்டிகளைச் சுற்றி அதற்குப் பஞ்சமில்லை. மூன்று சீட்டு வாங்க வேண்டும்.

முதல் சீட்டு, டிரெய்லரைக் கழற்றிவிட்டு வண்டி மட்டும். டீசல், ஓட்டுபவர், கூட வருபவர், வழக்கமாகப் பின்னால் கிடக்கும் ஜாக்கி, கயிறு, தார்ப்பாய் எல்லாம் வண்டியிலேயே இருக்கட்டும். இரண்டாவது சீட்டு, டிரெய்லரை மாட்டிக்கொண்டு வண்டியின் நாலு சக்கரம் மட்டும் மேடை மேல், டிரெய்லர் சக்கரம் வெளியே. மூன்றாவது, மாட்டியபடியே வண்டியை முன்னால் நகர்த்தி டிரெய்லர் சக்கரம் மட்டும் மேடை மேல்.

நான் ஒரு கலவை மிஷினுக்குப் போட்ட கணக்கைச் சொல்கிறேன். முதல் சீட்டு 2,340 கிலோ. இரண்டாவது 2,430. மூன்றாவது 820. இரண்டாவதில் முதலாவதைக் கழித்தால் 90 கிலோ. அதுதான் கொக்கி மேல் உட்காரும் கனம். 820-உடன் அந்த 90-ஐக் கூட்டினால் மிஷினின் உண்மையான எடை, 910 கிலோ. வண்டியும் மிஷினும் சேர்ந்து 3,250.

மேஸ்திரி சொன்னது, "ஒரு எழுநூறு கிலோ வரும்ணா." மிச்சம் எங்கிருந்து வந்தது என்று டிரம்முக்குள் டார்ச் அடித்துப் பார்த்தேன். உள்ளே பிளேடுக்குப் பின்னால் பழைய கான்கிரீட் நாலு விரல் கனத்துக்கு அப்பிக் காய்ந்து கிடந்தது. எத்தனை வீடு கட்டிய மிச்சமோ. கழுவாத மிஷினுக்கு கம்பெனி சொன்ன எடை செல்லாது. கேரட் லோடும் இப்படித்தான். கழுவிய கையோடு தண்ணீர் சொட்டச் சொட்ட ஏற்றிய மூட்டையும், வயலில் பிடுங்கிக் கட்டிய மூட்டையும் ஒரே எடை இருக்காது. பச்சை சில்வர் ஓக் கட்டையைப் பற்றிக் கேட்கவே வேண்டாம்.

இப்போது ஒப்பிட வேண்டியவை. இரண்டாவது சீட்டில் வந்த எடை, ஆர்.சி.யில் போட்டிருக்கும் மொத்த எடைக்குள் இருக்க வேண்டும். கொக்கி மேல் இருக்கும் 90 கிலோவும் வண்டி சுமக்கும் பாரம்தான் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். அப்புறம் வண்டியோடு வந்த கையேட்டில் டிரெய்லர் எடை என்று தனியாக ஒரு வரி இருக்கிறதா பாருங்கள். அதில் பிரேக் உள்ள டிரெய்லருக்கு ஓர் எண், பிரேக் இல்லாததற்கு வேறோர் எண் இருக்கும். ஆஸ்திரேலியாவில் ஹைலக்ஸ், டி-மேக்ஸ் பிக்கப் இரண்டுக்கும் பிரேக் உள்ள டிரெய்லர் என்றால் 3,500 கிலோ வரை சொல்கிறார்கள். பிரேக் இல்லாவிட்டால் 750 கிலோதான். அதே எஞ்சின், அதே சேசிஸ். வித்தியாசம் முழுக்க நிறுத்துவதில் இருக்கிறது. உங்கள் கையேட்டில் அந்த வரியே இல்லையென்றால் கம்பெனி அந்த வண்டியை இழுக்கக் கொடுக்கவில்லை என்று எடுத்துக்கொள்ளுங்கள். சர்வீஸ் சென்டரில் எழுத்தில் கேட்டு வாங்காமல் கொக்கி மாட்டாதீர்கள்.

அந்த 910 கிலோ மிஷினை அதற்கு முன் இரண்டு முறை நானே மேலே ஏற்றியிருக்கிறேன், முக்கல் முனகல் இல்லாமல். ஆனால் அதற்குப் பிரேக் கிடையாது. சீட்டைக் கையில் வாங்கிய அன்று கீழேயே லாரியில் ஏற்றி அனுப்பிவிட்டேன். மேஸ்திரிக்கு வருத்தம்தான். "போன வாரம் இன்னொரு வண்டி இதைவிடப் பெருசை அப்படியே இழுத்துட்டுப் போச்சுங்களேண்ணா" என்றார். போயிருக்கும். ஏறும்போது பார்த்திருப்பார்.

இன்டர்நெட்டில் பார்க்கும் எண்களைப் பற்றி ஒரு வார்த்தை. அமெரிக்காவில் நடுத்தர பிக்கப் என்று விற்பவற்றில் ஹோண்டா ரிட்ஜ்லைன் 5,000 பவுண்டு, அதாவது 2,268 கிலோ. ஃபோர்டு ரேஞ்சர் 7,500 பவுண்டு, சுமார் 3,400 கிலோ. டிரெய்லருக்கே தனி பிரேக், சரியான ஹிட்ச் (கொக்கி) எல்லாம் இருந்தால் கிடைக்கும் உச்ச எண் இது. வண்டிக்குள் ஏற்றும் ஒவ்வொரு கிலோவும் அதில் கழியும். உயரத்துக்கும் கழிவு உண்டு. அங்கத்திய கையேடுகளில் ஆயிரம் அடிக்கு 2 சதவீதம், வண்டியும் டிரெய்லரும் சேர்ந்த மொத்த எடையில் குறைக்கச் சொல்லியிருக்கிறார்கள். ஊட்டி 2,240 மீட்டர், ஏழாயிரத்து முந்நூறு அடிக்கு மேல். கணக்குப் போட்டால் 14 சதவீதம் போய்விடுகிறது.

எடை கூடுதல் என்று தெரிந்தால் இங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள். கீழே உள்ள எந்த ரிப்பேரும் அதற்குத் தீர்வாகாது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019 திருத்தத்துக்குப் பிறகு அதிக பாரத்துக்கு அபராதம் 20,000 ரூபாய், அதற்கு மேல் கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் 2,000.

குறி 1: ஏற்றத்தில் இழுக்காமல் திணறுகிறது

கறுப்புப் புகை வந்தால்: காற்று போதவில்லை. முதலில் ஏர் ஃபில்டரைக் கழற்றி வெளிச்சத்தில் தூக்கிப் பாருங்கள். மழை மாதங்களில் பனியிலேயே ஓடும் வண்டியில் ஃபில்டர் நமத்துப்போய், தூசியோடு சேர்ந்து அட்டை மாதிரி ஆகியிருக்கும். அதை ஏர் அடித்துத் திரும்பப் போடுபவர்கள் உண்டு. நான் மாற்றிவிடுவேன், சில நூறு ரூபாய் விஷயம். ஃபில்டர் சரியென்றால் டர்போவிலிருந்து இன்டர்கூலருக்கு (டர்போ தரும் சூடான காற்றை ஆற்றும் பெட்டி) போகும் ஹோஸ். எஞ்சினை ஓடவிட்டு ஒருவர் ஆக்சிலேட்டர் கொடுக்க, நீங்கள் கிளாம்ப் பக்கம் காது கொடுத்தால் 'உஸ்' என்று கேட்கும். ஹோஸின் அடிப்பக்கம் எண்ணெய்ப் பிசுக்கு படிந்திருந்தால் விரிசல் அங்கேதான்.

புகையே இல்லாமல் பலம் மட்டும் குறைந்தால்: டீசல் ஃபில்டர். அடியில் இருக்கும் திருகைத் திறந்து ஒரு கண்ணாடி டம்ளரில் பிடித்துப் பாருங்கள், தண்ணீர் தனியாகக் கீழே நிற்கும்.

புகையும் இல்லை, ஃபில்டரும் புதுசு, ஆனாலும் யாரோ பின்னால் பிடித்து இழுப்பது போல இருந்தால்: நிஜமாகவே ஏதோ பிடிக்கிறது. சமதளத்தில் நிறுத்தி முன்னும் பின்னும் கட்டை கொடுத்துவிட்டு ஒவ்வொரு சக்கரமாக ஜாக்கி போட்டுச் சுற்றிப் பாருங்கள், டிரெய்லர் சக்கரத்தையும் சேர்த்து. மாதக்கணக்கில் ஒரே இடத்தில் நின்ற மிஷினின் பேரிங் துருப்பிடித்து இறுகியிருக்கும். கிரீஸ் காய்ந்தது மட்டும்தான் என்றால் சுத்தம் செய்து புது கிரீஸ் வைக்கலாம், துருவோ சத்தமோ இருந்தால் பேரிங்கை மாற்ற வேண்டும்.

எல்லாம் சரி, கோத்தகிரி வரை நன்றாக வருகிறது, ஊட்டி போகும்போது மட்டும் கொஞ்சம் மந்தம் என்றால் அது கோளாறே இல்லை. ஊட்டி உயரத்தில் காற்றழுத்தம் கடல் மட்டத்தைவிட ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் குறைவு. டர்போ அதைக் கொஞ்சம் ஈடுகட்டும், முழுசாகக் கட்டாது.

பட்டறைக்கு எப்போது: நீலப் புகை, டர்போ பக்கம் ஊளையிடும் சத்தம், டேஷ்போர்டில் எஞ்சின் விளக்கு. இதற்கு மேல் இன்ஜெக்டர், டர்போ என்று செலவு ஐந்து இலக்கத்தில் போகும். நீங்களாகக் கழற்றாதீர்கள்.

குறி 2: வெப்ப முள் மேலே ஏறுகிறது

முதலில் செய்ய வேண்டியது: ஏசியை நிறுத்துங்கள், ஹீட்டரை முழுசாகத் திறந்து ஃபேனை வையுங்கள். உள்ளே வெந்துபோகும், பரவாயில்லை. ஒரு கியர் குறைத்து, எஞ்சின் கொஞ்சம் சுழலட்டும் என்று விடுங்கள். டாப் கியரில் முக்க வைத்தால் ஃபேனும் தண்ணீர் பம்ப்பும் மெதுவாகச் சுற்றும், சூடு இன்னும் ஏறும்.

முள் சிவப்பைத் தொட்டால் நிறுத்தியே ஆக வேண்டும். குன்னூர் ரோடு என்றால் பர்லியாறு நல்ல இடம், ஒரு டீ குடிக்கலாம், சீசனில் மங்குஸ்தான் வாங்கலாம், குரங்கிடமிருந்து அதைக் காப்பாற்றுவது உங்கள் பாடு. கோத்தகிரி ரோட்டில் குஞ்சப்பனைக் காட்டுப் பகுதியில் தேவையில்லாமல் நிறுத்தாதீர்கள். பலாப்பழ மாதங்களில் அங்கே யானை ரோட்டோரமே நிற்கும். நிறுத்தியதும் எஞ்சினை உடனே அணைக்காமல், தண்ணீர் கொப்பளித்து வெளியே வராத வரை இரண்டு நிமிடம் ஐடிலில் விடுங்கள். ரேடியேட்டர் மூடியைத் தொடவே கூடாது. என் வலது முழங்கையில் இருக்கும் தழும்பு அப்படி வாங்கியது.

ஆறிய பிறகு பார்க்கும் வரிசை: ஸ்பேர் பாட்டிலில் கூலன்ட் அளவு, ஃபேன் பெல்ட், ரேடியேட்டர் முன்பக்கம் பூச்சியும் சருகும் அடைத்திருக்கிறதா, அதன் பிறகு மூடி. இந்த மூடியைத்தான் யாரும் சந்தேகப்படுவதில்லை. ஊட்டியில் தண்ணீர் 93 டிகிரி அருகிலேயே கொதித்துவிடும், பருப்பு வேக நேரமாகிறது என்று வீட்டில் புலம்புவதும் இதனால்தான். மூடி அழுத்தத்தைப் பிடித்து வைத்திருக்கும் வரை உள்ளே கொதிக்காது. அதன் ரப்பர் காய்ந்து போனால் கீழே மேட்டுப்பாளையத்தில் ஒழுங்காக ஓடும் வண்டி மேலே வந்து கொப்பளிக்கும். புது மூடி வாங்கி மாட்டிப் பார்த்துவிட்டு அப்புறம் தெர்மோஸ்டாட்டுக்குப் போங்கள். அதன் பிறகு தண்ணீர் பம்ப்.

பட்டறைக்கு எப்போது: ஆயில் மூடியின் அடியில் பால்கோவா மாதிரி வெளுத்த பிசுக்கு இருந்தால், அல்லது எஞ்சின் ஓடும்போது ஸ்பேர் பாட்டிலில் விடாமல் குமிழி வந்தால். ஹெட் கேஸ்கட் போயிருக்கிறது. அந்த வண்டியை ஓட்டாதீர்கள், கட்டி இழுத்துப் போங்கள்.

குறி 3: கிளட்ச் கருகும் வாசனை, எஞ்சின் உறுமுகிறது, வண்டி நகரவில்லை

வளைவில் எதிரே பஸ் வந்து நின்றுவிட்டால், எடுக்கும்போது வரும் வாசனை இது. ஒருமுறை வந்து போனால் கிளட்ச் சூடாகியிருக்கிறது, பத்து நிமிடம் ஆறவிடுங்கள். திரும்பத் திரும்ப வந்தால் பிளேட் போய்க்கொண்டிருக்கிறது.

முதல் காரணம் ஓட்டுபவரின் இடது கால். மலைப்பாதையில் கிளட்ச் மேலேயே காலை வைத்து ஓட்டும் பழக்கம் நிறையப் பேருக்கு உண்டு. அடுத்தது, வண்டியை கிளட்சிலேயே ஏற்றத்தில் நிறுத்திப் பிடிப்பது. இரண்டுக்கும் செலவில்லாத வைத்தியம், ஹேண்ட் பிரேக். நாலில் மூன்று கிளட்ச் கேஸ் இங்கேயே முடிந்துவிடும் என்பது என் அனுபவம்.

அப்புறம் மிதியின் ஃப்ரீ பிளே. கையால் அழுத்தினால் ஆரம்பத்தில் கொஞ்சம் தளர்வு இருக்க வேண்டும். கேபிள் வண்டியில் அதைச் சரிசெய்யலாம்.

பிளேட் நிலையைப் பார்க்க: சமதளத்தில் நிறுத்தி, ஹேண்ட் பிரேக் இழுத்து, கால் பிரேக்கையும் அழுத்திக்கொண்டு, நாலாவது கியரில் போட்டு கிளட்சை மெதுவாக விடுங்கள். எஞ்சின் பட்டென்று அணைந்தால் பிளேட் நன்றாக இருக்கிறது. அணையாமல் இழுத்துக்கொண்டே ஓடினால் பிளேட் வழுக்குகிறது. இதை ஒரு தடவை மட்டும் செய்யுங்கள், ஐந்து தடவை செய்தால் இருக்கும் பிளேட்டும் போய்விடும்.

பிளேட் நன்றாக இருந்தும் வாசனை வருகிறதென்றால் மறுபடி எடைச் சீட்டைப் பாருங்கள். கல்லாறுக்கும் குன்னூருக்கும் நடுவே 12-க்கு 1 ஏற்றத்தில் ரயிலே பல்தண்டவாளத்தைப் பிடித்துத்தான் ஏறுகிறது. அமெரிக்காவில் இழுவை எண் கொடுக்கும் சோதனையிலும் ஏறுவதை மட்டும் பார்ப்பதில்லை. 12 சதவீதச் சரிவில் நின்ற இடத்திலிருந்து ஐந்து நிமிடத்துக்குள் ஐந்து முறை எடுக்கச் சொல்கிறார்கள், முன்னாலும் பின்னாலும். நம் ஊர் கொண்டை ஊசியில் விடுமுறை நாள் நெரிசலில் நடப்பது அதேதான்.

டிரெய்லரோடு நீங்கள் பார்க்க விரும்பினால் ஆளில்லாத சரிவில், பின்னால் ஒருவர் கட்டையோடு நிற்க, மூன்று முறை நிறுத்தி எடுத்துப் பாருங்கள். மூன்றாவது முறை வாசனை வந்தால் அந்த எடை உங்கள் வண்டிக்கு அதிகம்.

பட்டறைக்கு எப்போது: எஞ்சினுக்கும் கியர் பாக்ஸுக்கும் நடுவே கிளட்சை மூடியிருக்கும் பெல் ஹவுசிங் அடியில் எண்ணெய் ஒழுகினால், அல்லது மேற்சொன்ன சோதனையில் எஞ்சின் அணையாவிட்டால். கியர் பாக்ஸை இறக்கும்போது பிளேட், பிரஷர் பிளேட், பேரிங் மூன்றையும் சேர்த்து மாற்றிவிடுங்கள். ஒன்றை மட்டும் மாற்றி மிச்சம் பிடிப்பவர்கள் ஆறு மாதத்தில் இன்னொரு முறை இறக்குகூலி கொடுக்கிறார்கள்.

குறி 4: இறக்கத்தில் பிரேக் மிதி பஞ்சாகிறது, அல்லது மிதி கெட்டியாக இருந்தும் வண்டி நிற்கவில்லை

மற்ற எல்லாக் குறியையும் விட இதில் நேரம் செலவழியுங்கள். மற்றவை உங்களை வழியில் நிறுத்தும், இது நிறுத்தாது.

ஓடிக்கொண்டிருக்கும்போது இது வந்தால் செய்ய வேண்டியது: கியரைக் குறையுங்கள், ஒவ்வொன்றாக. நியூட்ரலுக்குப் போய்விட்டுத் திரும்பக் கியர் விழவில்லை என்றால் கதை முடிந்தது, அதனால் கிளட்சை அழுத்திய கையோடு அடுத்த கியருக்குத் தள்ளுங்கள். மிதியை விட்டு விட்டு வேகமாக மிதியுங்கள். ஹேண்ட் பிரேக்கைக் கொஞ்சம் கொஞ்சமாக இழுங்கள், ஒரேயடியாக இழுத்தால் பின் சக்கரம் பூட்டிக்கொண்டு டிரெய்லர் மடங்கும். அதற்கும் நிற்காவிட்டால் மலைப் பக்கம் ஒதுக்கி மண்மேட்டில் உரசுங்கள். பெயின்ட் போகட்டும்.

நின்ற பிறகு சூடான டிரம் மேல் தண்ணீர் ஊற்றாதீர்கள், வெடிப்பு விடும். சக்கரங்களுக்குக் கல் வைத்துவிட்டு ஒவ்வொரு சக்கரத்தின் அருகிலும் புறங்கையைக் கொண்டுபோங்கள். தொட வேண்டாம், அனலே சொல்லிவிடும். இப்போது பிரித்துப் பார்க்கலாம்.

நாலும் ஒரே மாதிரி கொதிக்கிறது என்றால்: வண்டியில் கோளாறில்லை, ஓட்டியதில் இருக்கிறது. ஏறிய கியரிலேயே இறங்கு என்று பெரியவர்கள் சொல்லிக் கொடுத்தது டிரெய்லர் இல்லாத வண்டிக்கு. டிரெய்லர் இருந்தால் அதற்கும் ஒரு கியர் கீழே. ஊட்டியிலிருந்து மசினகுடி இறங்கும் கல்லட்டி ரோடு 36 வளைவு, சரிவும் அதிகம். அந்தப் பக்கம் டிரெய்லரோடு நான் இறங்குவதே இல்லை, கூடலூர் சுற்றிப் போவேன். நேரமாகும், போகட்டும்.

ஒரு சக்கரம் மட்டும் கொதிக்கிறது என்றால்: அந்தச் சக்கரத்தின் பிரேக் காலிப்பரில் இருக்கும் பின் (pin) இறுகியிருக்கிறது, அல்லது பிரேக் ஷூ திரும்பவில்லை. மிதியை விட்ட பிறகும் அந்த ஒரு சக்கரத்தில் பிரேக் உரசிக்கொண்டே இருக்கிறது. பிரித்து, சுத்தம் செய்து, கிரீஸ் வைக்க வேண்டும்.

முன் சக்கரம் கொதிக்கிறது, பின் சக்கரம் ஜில்லென்று இருக்கிறது என்றால்: பின் லைனர் தேய்ந்து அட்ஜஸ்ட்மென்ட் போய்விட்டது.

மிதி பஞ்சாகி, ஆறிய பிறகு தானே கெட்டியாகிறது என்றால்: பிரேக் ஆயில். அது காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சும், நம் ஊரில் ஈரத்துக்கா பஞ்சம். ஈரம் சேர்ந்த ஆயில் சீக்கிரம் கொதித்து ஆவியாகும், மிதி ஆவியை அமுக்கிக்கொண்டு கீழே போகும். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை முழுசாக மாற்றச் சொல்வார்கள், மலையில் ஓடும் வண்டிக்கு நான் வருடத்துக்கு ஒருமுறை மாற்றுகிறேன்.

மேலே சொன்ன எல்லாம் சரியாக இருந்தும் டிரெய்லர் மாட்டினால் மட்டும் நிற்க மறுக்கிறது என்றால்: டிரெய்லரில் பிரேக் இல்லை, அல்லது இருந்தும் பிடிக்கவில்லை. முட்டினால் தானே பிடிக்கும் ஓவர்ரன் பிரேக் என்றால் தண்டு துருப்பிடித்து நகராமல் இருக்கும். தள்ளிப் பாருங்கள், உள்ளே போய்த் திரும்ப வர வேண்டும்.

பட்டறைக்கு எப்போது: பிரேக்கில் ஒருமுறை இந்தக் குறி வந்தாலே. ஆயில் மாற்றுவதும் காற்று எடுப்பதும் தெரிந்த கை செய்யட்டும். மாஸ்டர் சிலிண்டர், பூஸ்டர் இவற்றுக்குச் சோதனைக் கருவி உள்ள இடத்துக்கே போங்கள். அதுவரை டிரெய்லர் வேண்டாம்.

குறி 5: பின்னால் டிரெய்லர் வாலாட்டுகிறது

இது மேலே அதிகம் வராது, வேகம் இருக்காது. மேட்டுப்பாளையம் இறங்கி கோயமுத்தூர் ரோட்டில் அறுபதைத் தொட்டதும் ஆரம்பிக்கும். ஆடத் தொடங்கினால் ஸ்டியரிங்கை நேராகப் பிடித்துக்கொண்டு ஆக்சிலேட்டரை மட்டும் விடுங்கள். பிரேக் அடிப்பதும், எதிர்ப்பக்கம் திருப்புவதும் ஆட்டத்தைப் பெரிதாக்கும்.

காரணம் பத்தில் எட்டு முறை பாரம் பின்னால் இருப்பது. கொக்கி மேல் விழும் கனம், டிரெய்லரின் மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் இருப்பது நல்லது. என் சீட்டில் 910-க்கு 90, விளிம்பில் நிற்கிறது. எடை மேடை கிடைக்காவிட்டால் சமதளத்தில் டிரெய்லர் சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து, குளியலறை எடைக் கருவி மேல் ஒரு பலகையும் மரக்கட்டையும் வைத்து, கொக்கி வழக்கமான உயரத்தில் இருக்கும்படி அதன் மேல் இறக்குங்கள். பலகை, கட்டையின் எடையைக் கழித்துக்கொள்ளுங்கள். சிறிய டிரெய்லருக்கு இது போதும். சாமானை அச்சுக்கு முன்னால் நகர்த்தினாலே பெரும்பாலும் ஆட்டம் நின்றுவிடும்.

அடுத்தது டயர் காற்று, அதற்கடுத்தது கொக்கியில் தளர்வு, கடைசியாக அச்சு வளைந்திருப்பது. அச்சு வளைந்ததை டயர் ஒரு பக்கமாகத் தேய்ந்திருப்பதில் கண்டுபிடிக்கலாம். பட்டறை வேலை. ஸ்பிரிங்கே இல்லாத கலவை மிஷினுக்கு இதெல்லாம் பார்த்துப் பயனில்லை, அது சைட்டுக்குள் மெதுவாக நகர்த்தச் செய்தது. வேகத்தைக் குறையுங்கள்.

குறி 6: முன்பக்கம் தூக்கிக்கொண்டு ஸ்டியரிங் லேசாகிறது

இரவில் ஹெட்லைட் மரக்கிளையைக் காட்டினால் இதுதான். சமதளத்தில், டிரெய்லர் இல்லாமல் முன் மட்கார்டு விளிம்புக்கும் தரைக்கும் டேப் வைத்து அளந்து எழுதிக்கொள்ளுங்கள். மாட்டிய பிறகு மறுபடி அளந்தால் எவ்வளவு தூக்கியிருக்கிறது என்று தெரியும். மழையில், ஏற்ற வளைவில் முன் சக்கரம் திரும்பியும் வண்டி நேராகப் போகிறது என்றால் அளக்கத் தேவையே இல்லை.

வண்டிக்குள் இருக்கும் பாரத்தை கேபின் பக்கம் நகர்த்துங்கள். கொக்கி கனம் 15 சதவீதத்துக்கு மேல் இருந்தால் டிரெய்லர் பாரத்தைக் கொஞ்சம் பின்னால் தள்ளுங்கள். பின்பக்க ஸ்பிரிங் பட்டை தளர்ந்திருக்கிறதா, உடைந்திருக்கிறதா பாருங்கள்.

இந்த இடத்தில் எல்லோரும் செய்வது ஒன்று, கூடுதலாக இரண்டு பட்டை போடுவது. வண்டி நிமிர்ந்துவிடும், பார்க்க அழகாக இருக்கும். ஆனால் பிரேக் அதே பிரேக், அச்சு அதே அச்சு, ஆர்.சி.யில் எடையும் அதே எடை. காட்டிக்கொடுத்துக்கொண்டிருந்த குறியை மறைத்ததுதான் மிச்சம்.

குறி 7: கொக்கியில் 'டங் டங்' சத்தம்

எடுக்கும்போதும் பிரேக் அடிக்கும்போதும் ஒருமுறை மட்டும் கேட்டால், கொக்கியில் செருகும் பின்னுக்கும் (pin) ஓட்டைக்கும் இடைவெளி. சரியான கனத்தில் பின் போடுங்கள். கம்பித் துண்டைப் பின்னாகப் போடும் வழக்கத்தை விட்டுவிடுங்கள், அது ஒருநாள் வெட்டிக்கொண்டு போகும். குண்டு வைத்த ஹிட்ச் என்றால் அளவைப் பாருங்கள். 50 மி.மீ. குண்டும் உண்டு, 2 அங்குல குண்டும் உண்டு. 0.8 மி.மீ.தான் வித்தியாசம், கண்ணுக்குத் தெரியாது. அளவு பெரும்பாலும் குண்டின் மேலேயே பொறித்திருக்கும்.

விடாமல் கேட்டால் சேசிஸில் மாட்டியிருக்கும் போல்ட். ஸ்பேனர் வைத்து ஒவ்வொன்றாகப் பாருங்கள். அப்புறம் வெல்டிங் ஓரங்களைத் துணியால் துடைத்து டார்ச்சைச் சாய்த்து அடியுங்கள். பெயின்ட் நடுவே தலைமுடி அளவுக்குச் செம்மண் நிறத்தில் ஒரு துருக்கோடு ஓடினால் அது விரிசல். அன்றோடு அந்தக் கொக்கி ரிட்டயர்டு. மேலேயே வெல்டு வைத்து ஓட்டச் சொல்பவர் சொல்லட்டும். சேசிஸிலேயே விரிசல் என்றால் கம்பெனி சர்வீஸ் சென்டரில் காட்டாமல் யாரையும் கை வைக்க விடாதீர்கள். பம்பரில் பற்றவைத்த கொக்கியை நான் கொக்கியாகவே எண்ணுவதில்லை.

சங்கிலி இரண்டு, கொக்கிக்குக் கீழே குறுக்காகப் போட வேண்டும். பின் கழன்றால் தண்டு தரையில் குத்தாமல் அந்தக் குறுக்கில் விழும். வளைவில் இழுபடாத அளவுக்கு நீளம், தரையில் உரசாத அளவுக்குக் குட்டை.

குறி 8: டிரெய்லர் விளக்கு எரிவதும் அணைவதுமாக இருக்கிறது

எர்த் ஒயர். துருவைச் சுரண்டிவிட்டு இறுக்குங்கள். அதற்கும் சரியாகாவிட்டால் சாக்கெட்டில் பச்சை பூத்திருக்கும், மாற்றுங்கள். அவ்வளவுதான். ஆனால் சரிசெய்யாமல் கிளம்பாதீர்கள். அரவேனு பக்கம் சாயங்காலம் நாலு மணிக்கே பனி இறங்கினால் பின்னால் வருபவருக்கு உங்கள் வண்டியே தெரியாது, அதன் பின்னால் ஒரு சாம்பல் நிற மிஷின் எப்படித் தெரியும். நான் டிரம்மின் பின்பக்கம் சிவப்பு ரிஃப்ளெக்டர் டேப் ஒட்டி வைத்திருக்கிறேன், சுற்றி நாலு இடத்தில். மேஸ்திரிகள் முதலில் சிரித்தார்கள். இப்போது மிஷின் ஒட்டாமல் வந்தால் அவர்களே கேட்கிறார்கள், "டேப் இருக்குதுங்களாண்ணா?"